தடுக்கலாம்

பிப்ரவரி 20
அலுவலகம், மதிய இடைவேளை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலம்தானே? போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் வீட்டில் இரண்டே அறைகள். நடுவில் இருப்பது சுவர்கூட இல்லை, பலகை. நான் குளியலறைக்குள் போய்ப் பேசினாலும் அப்பாவுக்குக் கேட்கும். கைபேசியில் எழுதி அனுப்பினால், மேசையில் கிடக்கும்போது எடுத்துப் படித்துவிடுவார். வேவு பார்க்கும் எண்ணமெல்லாம் கிடையாது. எழுத்து எங்கே இருந்தாலும் அவர் கண் அங்கே போய்விடும். நேற்று நீ அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு, "பெரியவ 'மருத்துவமணை'ன்னு மூணு சுழி போட்டிருக்கா, சொல்லிடு" என்றார். நீ எழுதியிருந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போன வாரம் டாக்டர் சொன்னதை உன்னிடம் பாதிதான் சொன்னேன். மீதியையும் எழுதிவிடுகிறேன். இதுவரை கொடுத்த மருந்துக்குக் கட்டி பழகிவிட்டது. இடது நுரையீரலில் ஒன்றாக இருந்தது, இப்போது வலது பக்கம் இன்னொன்று. வழக்கமான சிகிச்சை என்று இனி எதுவும் பாக்கி இல்லை. ஒரு மருந்து ஆய்வு நடக்கிறது. அதில் சேர்ந்தால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை புது மருந்து ஏற்றுவார்கள். வாராவாரம் ரத்தப் பரிசோதனை உண்டு, அதனால் ஊரை விட்டு நகர முடியாது. மார்ச் மூன்றுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். தாண்டினால், பழைய மருந்தை நிறுத்தி நாளாகிவிட்டது என்று சேர்க்க மாட்டார்கள்.

சிகரெட் பழக்கம் உண்டா என்று அந்த ஆய்வு டாக்டரும் ஒருமுறை கேட்டார். "எனக்கு இல்ல சார். பக்கத்து மேசையில அச்சுக் கோக்கிறவருக்கு இருந்தது. அவர் விட்ட பிழையையும் நான்தான் எடுத்தேன், விட்ட புகையையும் நான்தான் எடுத்தேன்" என்றார் அப்பா. டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஒப்புதல் படிவம் பதினான்கு பக்கம், தமிழிலேயே கொடுத்தார்கள். மற்றவர்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் மெய்ப்பு பார்த்துப் பிழை எடுத்தவர் அப்படிப் போடுவாரா? வீட்டுக்கு எடுத்துவந்து பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு நாளாக அதுதான் வேலை.

அக்கா, இனிமேல் எழுதப்போவதை அத்தானிடம்கூடச் சொல்லாதே. அந்தப் படிவத்தை மொழிபெயர்த்தது நான்.

எங்கள் அலுவலகத்துக்கு எத்தனையோ ஆஸ்பத்திரிகளிலிருந்து காகிதங்கள் வரும். எது எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் பெயர் எதிலும் இருக்காது. எந்த நோயாளியிடமும் அவற்றைப் பற்றிப் பேச மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துத்தான் வேலையில் சேர்ந்தோம். இதை நான் செய்தது ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், அப்பாவுக்கு இருமலே வராத காலத்தில். அவர் மேசையில் விரித்ததும், முதுகைப் பார்த்தே தெரிந்தவரை அடையாளம் காண்பதுபோல, முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த மருந்து என்ன செய்கிறது என்று கேட்பாய். நுரையீரலில் விழுங்கு செல்கள் என்று ஒரு வகை உண்டு. தூசி, கிருமி, செத்துப்போன செல், எதுவானாலும் விழுங்கிச் சுத்தம் செய்வது அவற்றின் வேலை. புற்றுக்கட்டி ஒரு புரதத்தைச் சுரந்து வெளியே விடுகிறது. அது விழுங்கு செல்லின் மேல்தோலில் தனக்கென்று இருக்கும் இடத்தில் போய் உட்காரும். உடனே உள்ளே ஒரு புரதம் அடுத்ததை எழுப்பும், அது அதற்கடுத்ததை எழுப்பும், செய்தி செல்லின் மையம்வரை போய்விடும். செய்தி இதுதான்: இங்கே காயம், ஆற்று. செல்லும் விழுங்குவதை விட்டுவிட்டுப் பழுதுபார்க்க ஆரம்பிக்கும். புது ரத்தக்குழாய் வர வழி செய்யும். கட்டியைக் கொல்ல வரும் வேறு செல்களை, இப்போது வேண்டாம் என்று தள்ளி நிறுத்தும். கட்டி சௌகரியமாக வளரும். இந்தப் புது மருந்து, அந்தப் புரதம் வந்து உட்காரும் இடத்தை அடைத்துவிடுகிறது.

'துரோகி செல்கள்' என்று போடச் சொன்னார் எங்கள் மேலாளர். நான் போடவில்லை. அவை யாருக்கும் துரோகம் செய்யவில்லையே, வந்த செய்தியை நம்பித்தானே வேலை செய்கின்றன? அப்பா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "செய்தியில ஒரு பிழைகூட இல்ல, பாத்தியா? எழுத்தெல்லாம் சரி. அனுப்பினவன்தான் பொய்" என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது, அந்த நேரத்திலும்.

பதினோராம் பக்கம் வந்தது. 'இம்மருந்தைக் கொண்டு கட்டியின் வளர்ச்சியைத் தடுக்கலாம்.' அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம், அதற்குள் ஒரு கேள்விக்குறி. அச்சகத்தில் அதற்கு அர்த்தம், இதை நான் முடிவு செய்ய முடியாது, எழுதியவர்தான் சொல்ல வேண்டும் என்பது.

"இங்க வா. நீ மொழி படிச்சவ. இந்த 'லாம்' எந்த லாம்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்பதுபோல நின்றேன்.

"'நாளைக்கு மழை பெய்யலாம்.' அது ஒரு லாம். பெஞ்சாலும் பெய்யும், பெய்யாமலும் போகும். 'இந்தச் சாவியால பூட்டைத் திறக்கலாம்.' அது வேற. போட்டா திறக்கும். இது மழையா, சாவியா?"

அவரே தொடர்ந்தார். "ஒன்பதாம் பக்கத்துல, 'எப்போது வேண்டுமானாலும் ஆய்விலிருந்து விலகலாம்'னு போட்டிருக்கான். அது உரிமை, உறுதி. ஒரே காகிதத்துல ஒரே விகுதியை ரெண்டு அர்த்தத்துல விடக் கூடாது. விட்டிருந்தா அவன் மொழிபெயர்ப்பாளன் இல்ல, கசாப்புக்காரன்."

நான் சமையலறைக்குப் போய், அடுப்பில் வைக்காத பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது மழை, அக்கா. மூலத்தில் இருப்பது மழைதான். முதலில் நான் சரியாகத்தான் எழுதினேன்: தடுக்கக்கூடும், தடுக்காமலும் போகக்கூடும். "இவ்ளோ இழுக்கணுமா? படிக்கிறவங்க பயந்துடுவாங்க, சுருக்கிடு" என்றார் மேலாளர். சுருக்கினேன். சுருக்கும்போதே அது சாவி மாதிரித் தொனிக்கும் என்று எனக்குத் தெரியும். நோயில் கிடப்பவர்களுக்குக் கொஞ்சம் இதமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு வேறொருவர், மூலத்தைப் பார்க்காமல், என் தமிழைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துச் சரிபார்த்தார். நிதானமான ஆள், மழை என்றே எடுத்துக்கொண்டார். எல்லாம் சரியாக வந்தது, ஒப்புதல் முத்திரை விழுந்தது.

இப்போது அலுவலகத்தில் சொன்னால் தமிழ்ப் படிவத்தை நிறுத்திவிடுவார்கள். அவரவர் வாசிக்கும் மொழியில்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. திருத்தி, குழு பார்த்து, முத்திரை வாங்கிவர வாரக்கணக்காகும். அப்பாவுக்கு இருப்பது பன்னிரண்டு நாள்.

அப்பாவிடம் மழை என்று சொன்னால் என்ன ஆகும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். "ஒருவேளைன்னா எனக்கு வேண்டாம். மூச்சு இருக்கும்போதே பெரியவ வீட்டுக்குப் போறேன். இப்பன்னா விமானத்துல போக விடுவேன்கிறார் டாக்டர். பசங்ககூட ரெண்டு மாசம் இருந்துட்டு வரேன். உறுதின்னா சொல்லு, இங்கயே கிடக்கறேன்."

நான் என்ன சொல்லட்டும்? மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் அலுவலக எண்ணுக்குக் கூப்பிடு.

உன்
சின்னவள்


மார்ச் 4
அலுவலகம்

அன்புள்ள அக்கா,

அன்றைக்கு நான் சரியாகப் பேசவில்லை. நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேர் காகிதத்தோடு காத்திருந்தார்கள். நீ அழுதது மட்டும் தெளிவாகக் கேட்டது. "ஒரே ஒரு வார்த்தைடி. சொல்லித் தொலை. அவர் இருந்தாத்தானே என் வீட்டுக்கு வர முடியும்?" என்றாய். காகிதத்தோடு நின்றவர்களுக்கு வழிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை துணி மடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறையாகக் கேட்டார். ஒரு தலையணை உறையை மடித்து முடிக்கும்வரை பொறுத்தேன்.

"சாவிப்பா" என்றேன்.

ரப்பரை எடுத்து அந்தக் கேள்விக்குறியை அழித்தார். துகளை ஊதிவிட்டார். ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டார், ஐந்தும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி. உன்னிடம் வருவதற்காகப் பரணிலிருந்து இறக்கி வைத்திருந்த பெட்டியை மறுபடி ஏற்றச் சொன்னார். நான் நாற்காலிமேல் ஏறித் தள்ளும்போது கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "கட்டி நின்னதும் போறேன். அவசரம் என்ன?" என்றார். அன்றைக்கு அவரே தேநீர் போட்டுக் கொடுத்தார், சர்க்கரைக்குப் பதிலாக அன்பைக் கொட்டியதுபோல இனிப்பே இல்லாமல், ஒரே தண்ணீராக. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். ஒரு பொய் சொன்ன வாய்க்கு அடுத்தது சுலபமாக வருகிறது.

இன்று காலை முதல் தடவை மருந்து ஏற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறார். நேற்று போனில் என்னைக் கெட்டிக்காரி என்றாய். அந்தச் சொல் வேண்டாம் அக்கா.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன்
சின்னவள்


மே 13
ஆஸ்பத்திரி, காத்திருக்கும் கூடம்

அன்புள்ள அக்கா,

அப்பாவை ஸ்கேனுக்குள் அழைத்துப் போயிருக்கிறார்கள். வெளியே வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். இந்தக் கூடத்தை உனக்குச் சொன்னதில்லை. நாற்காலிகளைத் தரையோடு திருகி வைத்திருக்கிறார்கள். யாரும் யார் பக்கமும் திரும்பி உட்கார முடியாது, எல்லோரும் எண் ஓடும் திரையைத்தான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு ஜன்னல். பெயிண்ட் அடிக்கும்போது சட்டத்தோடு சேர்த்து அடித்துவிட்டார்கள், திறக்காது. வாரத்தில் ஒருநாள் விடுப்பு எடுத்து இங்கே வருகிறேன், மற்ற ஐந்து நாள் ஜன்னலே இல்லாத அலுவலகத்துக்குப் போகிறேன். இரண்டுக்கும் நடுவில் நம் வீட்டு நாலு மாடி ஏறி இறங்குகிறேன், லிப்ட் இன்னும் பழுதுதான். அப்பாவுக்கு ஒவ்வொரு மாடிக்கும் உட்கார ஒரு மடக்கு நாற்காலி கையில் கொண்டுபோகிறேன்.

இந்த மருந்தால் அவருக்குக் கண்ணைச் சுற்றி வீக்கம். கண்ணாடியைப் பார்த்து, "என் மூஞ்சியைத் தலைப்பு எழுத்துல போட்டுட்டானுங்க" என்கிறார். உடம்பெல்லாம் அரிப்பு. சாயங்காலமானால் காய்ச்சல். குறை சொல்வதில்லை. பதினோராம் பக்கத்தை நம்புகிறார்.

இதை எழுதக் காரணம் வேறு. எங்களோடு இதே ஆய்வில் ஒரு தையற்காரம்மா இருக்கிறார். அப்பாவைவிட மூன்று வாரம் முன்னால் சேர்ந்தவர். ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். முதல்நாளே என்னிடம், "உங்கப்பா சட்டை தோள்ல ரெண்டு விரல் தொங்குது. சட்டை பெருசாகல, ஆள் இறங்கிட்டார். கவனிச்சுக்கம்மா" என்றார். ஏப்ரல் தொடக்கத்தில் ஒருநாள், இனி இந்த ஊசி வேண்டாம், விலகிக்கொள்ளப் போகிறேன் என்றார். வேறு ஊரில் இருக்கும் மகளுக்கு இது தலைப்பிரசவமாம். "இங்க உக்காந்து சொறிஞ்சுக்கிட்டிருக்கிறதை அவ பக்கத்துல போய் உக்காந்து சொறியறேன்" என்று சிரித்தார்.

அப்பா விடவில்லை. "விலகாதீங்கம்மா. பதினோராம் பக்கம் படிச்சீங்களா? 'தடுக்கலாம்'னு இருக்கு. அது மழை லாம் இல்ல, சாவி லாம்" என்று ஆரம்பித்து முழுதாக விளக்கினார். "நானும் முதல்ல சந்தேகப்பட்டேன். என் சின்னப் பொண்ணுதான் தெளிவாச் சொன்னா. அவளுக்கு வேலையே அதுதான்."

"நான் சும்மா வாய்வார்த்தைக்கு எழுதியிருக்காங்கன்னுல்ல நினைச்சேன்" என்ற அந்தம்மா என் பக்கம் திரும்பி, "நிஜமாவாம்மா?" என்று கேட்டார்.

அப்பாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினேன், அக்கா.

அந்தம்மா விலகவில்லை. அடுத்த வாரம் பின்வரிசையிலிருந்து ஒரு பஸ் ஓட்டுநர் எழுந்து வந்து, "ஐயா, அந்தச் சாவிக் கதையை எனக்கும் சொல்லுங்க" என்றார். அதற்கடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர். இப்போது இங்கே அப்பாவுக்கு 'வாத்தியார்' என்றே பெயர். அவர் வந்ததும் பக்கத்து இருக்கையில் இருப்பவர் எழுந்து இடம் கொடுக்கிறார். அச்சகத்தை மூடியபின் அவரை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. என்னால் தாங்க முடியாதது இதுதான்.

நான் மொழிபெயர்த்த அந்தப் பக்கம் இப்போது வேறு மாதிரி ஞாபகம் வருகிறது. நம்பிக்கையான ஓர் இடத்தில் செய்தி போய் உட்கார்ந்தால் போதும். மீதி வேலையை அந்த இடமே பார்த்துக்கொள்கிறது.

காலையில் டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கிறது, ரத்தத்தில் பிராணவாயுவும் குறைவு, இனி விமானப் பயணம் கூடாது. பிப்ரவரியில் முடிந்தது, இப்போது முடியாது. அப்பாவிடமும் சொன்னார்கள். "கட்டி நிக்கட்டும் டாக்டர், அதுக்கப்புறம் பார்த்துப்போம்" என்று அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார் அப்பா.

நான் அவரிடம் சொல்லப்போகிறேன், அக்கா. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன். அதனால்தான் உன்னிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

அவரை வெளியே அழைத்து வருகிறார்கள். நிறுத்துகிறேன்.

உன்
சின்னவள்


ஜூன் 10
வீடு

அன்புள்ள அக்கா,

மூன்று வாரமாக நீ என்னோடு பேசவில்லை. அப்பாவிடம் பேசிவிட்டு, நான் போனை வாங்குவதற்குள் வைத்துவிடுகிறாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. என்ன நடந்தது என்று மட்டும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கேன் எடுத்த மறுநாள் காலை, சமையலறை வாசலில் நின்றுகொண்டே சொன்னேன். "அது மழைப்பா. நான் தெரிஞ்சேதான் சாவின்னு சொன்னேன்."

அவர் கேட்ட முதல் கேள்வி, "மூலத்தை நீ எப்படிப் பார்த்தே?" என்பது. நான் பதில் சொல்வதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது. படிவத்தைக் கொண்டுவரச் சொல்லி, பதினோராம் பக்கத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நல்லா ஓடுது வாக்கியம். தட்டுற இடமே இல்ல. அதான் ஒருத்தனும் நிக்கல" என்றார். பிறகு, "எத்தனை பேர் கையில இருக்கு இந்தக் காகிதம்?" என்று கேட்டார். அறுபது பேருக்கு மேல் இருக்கும் என்றேன். "இன்னிக்கே எழுதிக் குடு."

திட்டவில்லை. திட்டுவார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் மாத்திரை கொடுக்கும்போது சொன்னார். "நான் கேட்டது மெய்ப்புக் கேள்வி. நீ மகளாப் பதில் சொல்லிட்ட. வீட்டு ஆள்கிட்ட அதைக் கேட்டது என் தப்பும்தான்."

மேலாளரிடம் போனேன். "திரும்ப மொழிபெயர்த்தது சரியா வந்திருக்கு, முத்திரை இருக்கு, பிழை எங்கேம்மா?" என்றார். வாசலில் உட்காரும் வரவேற்பாளரைக் கூப்பிட்டு அந்த ஒரு வரியைப் படிக்கச் சொன்னேன். அர்த்தம் கேட்டேன். "இந்த மருந்தைப் போட்டா கட்டி நின்னுடும்கிறாங்க. நல்ல மருந்தாட்டம் இருக்கே, யாருக்கு?" என்றாள். மேலாளர் தொலைபேசியை எடுத்தார். தமிழ்ப் படிவத்தை அன்றே நிறுத்தினார்கள். மருந்துக் காகிதங்கள் எதையும் இனி என்னிடம் கொடுக்க மாட்டார்களாம். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு வழிகாட்டி நூல் எழுதுகிறேன். அதில், பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கலாம் என்று எழுதினால் கதவு திறக்கும். நிம்மதியாக இருக்கிறது.

அடுத்த வாரம் அந்தக் கூடத்தில் அப்பா உட்காரவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, தையற்காரம்மா முன்னால் நின்றார். "அம்மா, நான் உங்ககிட்ட சொன்னது தப்பு. அது மழை. தடுத்தாலும் தடுக்கும், இல்லாமலும் போகும். என் பேச்சைக் கேட்டு நீங்க இருக்க வேண்டாம்."

அந்தம்மா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஏழு வாரம் ஐயா" என்றார். "என் பொண்ணுக்கு வலி எடுத்தப்போ நான் இந்த நாற்காலியில உக்காந்து அந்த நம்பரைப் பார்த்துக்கிட்டிருந்தேன். ஆம்பளப் புள்ள. போட்டோவுலதான் பார்த்திருக்கேன்."

அன்றைக்கே விலகல் படிவம் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பஸ்ஸில் போகிற தூரம்தான், போய்ச் சேர்ந்திருப்பார். போகும்போது அப்பாவிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தகும். பஸ் ஓட்டுநர் விலகவில்லை. "மழையா இருந்தா என்ன வாத்தியாரே, நான் குடையில்லாம ஓடிப் பழகினவன்" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திருத்திய படிவம் போன திங்கட்கிழமை வந்தது. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் மறுபடி படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா பதினான்கு பக்கத்தையும் படித்தார். கண் வீக்கத்தில் எழுத்து மங்குகிறது என்று பதினோராம் பக்கத்தை மட்டும் என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். 'இம்மருந்து கட்டியின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும். தடுக்காமலும் போகக்கூடும்.' இரண்டு முறை படித்தேன். "சரியா இருக்கு" என்று ஓரத்தில் சின்னதாக ஒரு சரிக்குறி போட்டார். கையெழுத்து இடத்துக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்குப் பதறியது. ஸ்கேனில் வலது பக்கத்துக் கட்டி வளரவில்லை, இடதுதான் வளர்ந்திருக்கிறது, மருந்து ஒரு பக்கமாவது வேலை செய்கிறதோ என்னவோ, இன்னும் இரண்டு தடவை பார்ப்போமே என்று கெஞ்சினேன். ஆமாம், நான்தான் கெஞ்சினேன். "மழைக்காக எவ்ளோ நாள்மா வாசல்லயே நிக்கிறது?" என்றார். வெள்ளிக்கிழமை விலகிவிட்டார்.

பிராணவாயு இயந்திரம் வந்து ஆறு நாளாகிறது. குழாய் எட்டும் தூரம்தான் இப்போது அவருக்கு வீடு. கட்டிலிலிருந்து மேசைவரை, மேசையிலிருந்து குளியலறை வாசல்வரை. நான் அலுவலகம் போய் வந்து அதே தூரத்துக்குள் நடக்கிறேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியே தூங்குகிறார். பேச்சு குறைந்துவிட்டது. ஆனால் உன் வீட்டைப் பற்றிக் கேட்கிறார். உன் வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, எத்தனை படி, அவருக்கென்று நீ ஒழித்து வைத்த அறையில் ஜன்னல் எங்கே, அதிலிருந்து என்ன தெரியும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை இனி கட்டிச் சொல்வதில்லை, தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உன்னை வரச் சொல்ல மாட்டேன் என்கிறார். பிள்ளைகளுக்குப் பரீட்சை, உனக்கு விடுப்பு கிடைக்காது என்று உனக்காக அவரே பேசுகிறார். டாக்டர் என்னிடம் பேசும்போது மாதம் என்ற சொல்லை விட்டுவிட்டார், வாரம் என்கிறார். அதையும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தெரிந்துகொள்ள வேண்டியவர் அவர்தானே.

ஒன்றே ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அன்று நகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நீ போனில் சொன்னதை. அவர் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டேன். நீ சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன் அக்கா. எனக்கு அது வேண்டியிருந்தது. அதனால் அது என்னுடையதாகவே இருக்கட்டும். அதைச் சுமந்துகொண்டு அவர் முகத்தைப் பார்க்க அஞ்சி நீ அங்கேயே நின்றுவிடாதே.

பரீட்சை முடியும்வரை பொறுக்காதே. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. என் கட்டிலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நான் சமையலறையில் படுத்துக்கொள்கிறேன். என்னோடு பேச வேண்டாம். வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உன் வீடு எப்படி இருக்கும் என்று நீயே அவருக்குச் சொல்.

உன் வரவை எதிர்பார்த்து,
உன் தங்கை